இசக்கியம்மாளின் இடது கை

என் இசக்கியம்மாளுக்கு, என்னைப் பெற்றவளுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கிளினிக் வாசலில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் மாட்டியிருக்கிற படமில்லை, வேறு. அதில் நீ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை மேசைமேல் நீட்டிக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறாய். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குனிந்து உன் கையில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறாள். கீழே 'எங்கள் அன்பு மவுசி' என்று இங்கிலீஷில் எழுதி, பிளாஸ்டிக் மல்லிகை மாலையும் போட்டிருக்கிறார்கள்.

உனக்கு அது பிடித்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

உனக்கு எழுத்து தெரியாது. ஊரிலிருந்து வந்த கடிதத்தையெல்லாம் நான்தான் உனக்கு வாசித்துக் காட்டினேன், முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்துக்கொண்டு. இப்போது உனக்கு வாசிக்க ஆளில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்கட்டும். உன்னை மாதிரி கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்தத் தர்ம கிளினிக் இருக்கிறது. நீ அங்கே ஆயா வேலை பார்த்தாய். பம்பாயில் ஆயா என்று யார் சொல்கிறார்கள், மவுசிதான். கூட்டுவது, துடைப்பது, கத்திரி இடுக்கியைக் கொதிக்க வைப்பது, வரிசையில் நிற்கிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, சண்டை போடுகிறவர்களை அதட்டி உட்கார வைப்பது, எல்லாம் நீதான். நான் நர்சிங் படிக்க வேண்டும் என்ற ஆசையை அந்தக் கிளினிக்கிலிருந்துதான் நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

அங்கே வெளிநாட்டிலிருந்து நர்சிங் படிக்கிற பிள்ளைகள் குழுக் குழுவாக வருவார்கள். பணம் கட்டி வருகிறார்கள். 'வளரும் நாடு ஒன்றில் நேரடிப் பயிற்சி' என்று அவர்கள் ஊரில் விளம்பரம் வருமாம். வளரும் நாடு என்றால் என்னவென்று நீ ஒரு தடவை என்னிடம் கேட்டாய். நாம்தான், அம்மா. நீயும் நானும், கும்பார்வாடாக் குயவர் சூளைப் புகையும், நம் கோலி வீட்டுக்கு முன்னால் ஓடுகிற சாக்கடையும் சேர்ந்து வளர்ந்துகொண்டிருக்கிறோமாம். இந்த ஒற்றை அறையில் எந்தப் பக்கம் வளர்வது என்று நீ கேட்டதும் ஞாபகம் இருக்கிறது.

நீ கை நீட்ட ஆரம்பித்த கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். புதிதாக வந்த ஒரு பெண் ஊசியோடு நின்றாளாம். வரிசையில் இருந்தவர்கள் ஒருத்தர்கூட அவளிடம் போகாமல், நம் சிஸ்டர் இருக்கிற பக்கம் நகர்ந்து நகர்ந்து போனார்களாம். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நீ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாய். உன் கை நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். அவள் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிட்டாள், எல்லாரும் கைதட்டினார்கள். உனக்கும் சேர்த்துத்தான் கைதட்டினார்கள் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. புதுக்குழு வந்தால் முதலில் மவுசி கை. நோயாளி எவராவது மறுத்தால் மவுசி கை. யாருக்காவது கை நடுங்கினால் அதற்கும் மவுசி கை. கிளினிக்கை நடத்துகிற டாக்டர் மேடம், உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே நீ போய் உட்கார்ந்துவிடுவாய் என்று பெருமையாகச் சொல்வார்.

அதே சமயத்தில் நான் சோலாப்பூரில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலேஜில் ஒரு ரப்பர் கை இருந்தது. உள்ளே சிவப்புத் தண்ணீர் ஓடும். குத்திக் குத்தி ஓட்டை விழுந்து பிளாஸ்திரி ஒட்டியிருப்பார்கள். அதில் சரியாக வருகிறவரைக்கும் மனுஷர் கையைத் தொடவே விடமாட்டார்கள். சாயங்காலம் ஆனால் எங்கள் காலேஜ் மேடம் அந்தக் கையைத் துடைத்து, துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார். உன் கையை அப்படி ஒருத்தரும் துடைத்து வைக்கவில்லை.

லீவுக்கு வரும்போதெல்லாம் உன் முழங்கை மடிப்பில் கறுப்புப் புள்ளிகளைப் பார்ப்பேன். கிளினிக்கில் டெஸ்ட் எடுத்தார்கள் என்பாய். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கிளினிக்கில் வேலை பார்க்கிறவளுக்கு அங்கேயே பரிசோதனை செய்து பார்க்கிறார்கள், நல்ல இடம் என்றுதான் நினைத்தேன். பழகுவதற்காகக் குத்துகிறார்கள் என்பதை நீ வாய்விட்டுச் சொன்னதே இல்லை. உன் கணக்கில் இரண்டும் ஒன்றுதானே.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உன் கால் வீங்க ஆரம்பித்தது. சாப்பாடு ருசிக்கவில்லை என்றாய், உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாய். கிளினிக்கில் நாள் முழுக்க நிற்கிற கால், வீங்காமல் என்ன செய்யும் என்று நீயே பதிலும் சொல்லிக்கொண்டாய். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வா என்று போனில் கத்தினேன். நீ சிரித்தாய்.

"ஏட்டி, எங்கிட்ட எடுக்காத ரத்தமா? ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் எடுக்காவ. எடுத்தவ பாக்காமலா இருப்பா? ஏதும் இருந்தா சொல்லியிருக்க மாட்டாவளா?"

எடுத்தவள் பார்க்காமலா இருப்பாள். அதில் என்ன தப்பு, சொல்லு? மாவரைக்கக் கொடுத்தால் அரைத்துத்தானே தருகிறான். துணி தைக்கக் கொடுத்தால் தைத்துத்தானே தருகிறான். உடம்பிலிருந்து ஒருத்தி ரத்தத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனால் அதை என்ன ஏதென்று பார்ப்பாள் என்று நினைப்பதுதானே மனுஷ புத்தி. நீ மடச்சி இல்லை, அம்மா. அப்படி நினைக்காதவர்கள்தான் யாரென்று தெரியவில்லை.

கடைசியில் நீ கிளினிக்கிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அந்தச் சின்ன வயசு டாக்டர் இந்தியில் கேட்டார், இதற்கு முன்னால் ரத்தம் பரிசோதித்ததே இல்லையா என்று. அந்த மயக்கத்திலும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார்கள் சார், வெளிநாட்டுக்காரர்களே எடுத்திருக்கிறார்கள் என்றாய். அப்படியானால் ரிப்போர்ட் எங்கே என்றார் அவர்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் படித்தவள், எனக்குத் தெரியும், நான் எடுத்துக் கொடுப்பேன் என்கிற மாதிரி பார்த்தாய். அந்தப் பார்வையை நான் என்ன செய்வது? இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது, ரயிலில் நிற்கும்போது அது வந்து நிற்கிறது.

அதோடும் முடியவில்லை. டயாலிசிஸ் செய்ய வேண்டுமென்றால் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து நரம்பைத் தயார் பண்ணுவார்கள். அதற்கு நல்ல நரம்பு வேண்டும். உன் இடது கையைத் தடவிப் பார்த்த சர்ஜன் முகம் சுளித்தார். உள்ளே அவ்வளவும் தழும்பு, நரம்பு கயிறு மாதிரி இறுகிப்போயிருக்கிறது, இந்தக் கையில் என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார். தாராவியிலேயே நல்ல நரம்பு என்று பேர் வாங்கிய கை அது. பிறகு வலது கையைப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, அதுவரைக்கும் கழுத்தில் குழாய் போட்டார்கள். கழுத்துக் குழாயில் சீழ் வைத்தது, காய்ச்சல் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

நர்சிங் படித்த மகள் இருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று துக்கம் கேட்க வந்தவர்கள் பேசினார்கள். நான் அழுதுகொண்டே 'ஆமாம், நான்தான் கவனிக்காமல் விட்டேன்' என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நான் சோலாப்பூரிலிருந்து போனில் கெஞ்சினேன். உன் ரத்தம் அவர்கள் கையில்தான் இருந்தது, என் கையில் இல்லை. அந்தப் பழியை நான் எடுத்துக்கொண்டால் மற்ற எல்லாருக்கும் நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதியை அவர்களுக்கு நான் தருவதாக இல்லை.

போன வாரம் அன்னம் வந்திருந்தாள். அவள் பேர் அன்னா, நீதான் அன்னம் ஆக்கினாய். படத்தில் உன் கையில் குத்திக்கொண்டிருக்கிறவள் அவள்தான். அவள் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டதும், நம் வீட்டில் உட்கார வைத்துச் சொதியும் சோறும் போட்டதும், அவள் உறைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிட்டதும் நீ சொல்லிச் சொல்லிச் சிரித்த கதைகள். இப்போது படிப்பு முடிந்து அவள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். லீவில் இந்தியா வந்தவள் உன்னைப் பார்க்கலாம் என்று கிளினிக்குக்குப் போய், வாசலில் மாலையைப் பார்த்துவிட்டு, வழி கேட்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்பா தோல் பட்டறையிலிருந்து ஓடிவந்தார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஃபேனை அவள் பக்கம் திருப்பி, கடைக்குப் போய்க் கூல்டிரிங்க் வாங்கிவந்தார். தோல் பசை ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். அவள் சாக்லேட் பெட்டியும் பூங்கொத்தும் கொண்டுவந்திருந்தாள். உன் படத்துக்கு முன்னால் நின்று நிஜமாகவே அழுதாள். அது பொய் அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அழுது முடித்து அவள் சொன்னாள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக ரத்தம் எடுத்தது உன் கையிலாம். அவள் ஊரில் அந்த வருஷப் படிப்பில் யார் கையையும் தொடவிட மாட்டார்களாம். உன்னால்தான் பயம் போய் அவள் நர்ஸ் ஆனாளாம். உன்னை அவள் மறக்கவே மாட்டாளாம்.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எடுத்த ரத்தத்தை என்ன செய்தாய்?

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். பயிற்சிக்கு எடுத்ததுதானே, சிவப்பு வாளியில் போட்டுவிடுவோம் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். குழாயில் பேர்கூட எழுதுவதில்லையாம். எழுதி என்ன செய்ய?

அந்தச் சிவப்பு வாளியைச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது யார் வேலை? அதை நான் அவளிடம் சொன்னேன். அம்மா இதனால்தான் செத்தாள், கிட்னி போனது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கும், அந்த ரத்தத்தை நீங்கள் எடுத்து எடுத்து வாளியில் போட்டீர்கள், அவளே அதைச் சுமந்துகொண்டு போய்க் கொட்டினாள், பார்த்து முடித்த ரத்தம் என்று நினைத்துக்கொண்டு கொட்டினாள் என்று சொன்னேன். அன்னத்தின் முகம் வெளுத்துப்போனது. கூல்டிரிங்க் பாட்டிலைக் கீழே வைக்க இடம் தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியாது, ஆனால் முகம் புரியுமே. "ஏட்டி கோமதி, வீட்டுக்கு வந்த புள்ளட்ட என்ன பேச்சு இது" என்றார். நீ இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாய். நம் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. வந்தவள் மனசு நோகக் கூடாது, நம் கை நொந்தால் பரவாயில்லை.

அவள் மன்னிப்புக் கேட்டாள். தெரியாது, யாரும் சொல்லவில்லை, நான் படிக்கிற பெண்ணாக இருந்தேன் என்றாள். அதுவும் உண்மைதான். நான் அவளைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சந்து முனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாக்லேட் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

மறுநாள் கிளினிக்கிலிருந்து டாக்டர் மேடம் கூப்பிட்டுவிட்டார். இப்போது இருக்கிற குழு போய், திங்கட்கிழமை புதுக்குழு வருகிறதாம். நோயாளிகள் பேசுவதை அவர்களுக்கும், அவர்கள் பேசுவதை நோயாளிகளுக்கும் தமிழிலும் இந்தியிலும் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். நான் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டாராம். பேசிக்கொண்டே என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். "அம்மா நரம்பு ஒனக்கும் அப்படியே வந்திருக்கும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது உன் இடத்தில் செல்வியக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியும், மான்குர்திலிருந்து ரயிலில் வருகிறாளே, புருஷன் விட்டுப்போனவள், இரண்டு பெண்பிள்ளைகள். நீதான் அவளைக் கூட்டிவந்து வேலையில் சேர்த்தாய். அவள் குனிந்து நிமிரும்போது இடது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது தெரிந்தது. என்ன அது என்று கேட்டேன்.

"ஒங்கம்மதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாவ. 'செல்வி, கூசாம கையக் குடு, காசில்லாம டெஸ்ட் ஆயிரும், ரெண்டு புள்ளைய வச்சிருக்க, ஒனக்கும் நல்லது'ன்னாவ. அதான் வந்தவளுவ எல்லாருக்கும் குடுக்கேன்."

அம்மா, அதைக் கேட்டதும்தான் எனக்குத் தெரிந்தது. இதுவரைக்கும் உன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை. நீ ஏமாந்தது போதாதென்று, நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவள் கையையும் பிடித்து நீட்டிவிட்டுப் போயிருக்கிறாயே. உன்னைத் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

செல்வியக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, மேடத்திடம் நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிடாதே, வேலை போய்விடும் என்றாள். அதுதான் அவள் முதலில் சொன்னது. உடம்பைப் பற்றி அதற்கப்புறம்தான் கேட்டாள்.

நேற்றுக் காலையில் அவள் மாஹிமில் ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருக்கிற லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வலது கையில் எடுக்கச் சொன்னேன். குழாயில் அவள் பேரை எழுதுகிறவரைக்கும் அந்தப் பையனை நகரவிடவில்லை. அவன் என்னைக் கிறுக்கி என்று நினைத்திருப்பான். செல்வியக்கா அந்தக் குழாயை வாங்கி, அதில் தன் பேர் இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ரிப்போர்ட் புதன்கிழமை வரும்.

திங்கட்கிழமை கிளினிக்குக்கு வருகிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். அப்பா சந்தோஷப்பட்டார், கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்கிறார். தணியவில்லை. மொழிபெயர்க்கத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள், ஒன்று விடாமல் மொழிபெயர்க்கிறேன். ஊசியோடு ஒரு பிள்ளை வந்து நின்றால், எதிரில் இருக்கிறவரிடம் தமிழிலும் இந்தியிலும் சொல்வேன்: 'இது பழகுவதற்காக எடுப்பது. இந்த ரத்தத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. குடுப்பதும் குடுக்காததும் உங்கள் இஷ்டம்.' பிறகு அதையே இங்கிலீஷில் அந்தப் பிள்ளைக்கும் சொல்வேன். எத்தனை நாள் என்னை வைத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. முதல் நாளே வெளியே போகச் சொல்லலாம். போகும்போது வாசலில் இருக்கிற அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவேன், அது மட்டும் நிச்சயம்.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும். எத்தனையோ பேர் என் முன்னால் கையை நீட்டுவார்கள். உன்னை மாதிரியே ஒன்றும் கேட்காமல் நீட்டுவார்கள். நீ நம்பினாயே, அந்த நம்பிக்கையை உனக்குத்தான் யாரும் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. அவர்களுக்கு நான் காப்பாற்றிக் கொடுக்கிறேன். எடுத்தவள் பார்ப்பாள், அம்மா. இனிமேல் எடுத்தவள் பார்ப்பாள்.

உன் நரம்போடு பிறந்த மகள்,
கோமதி